வீரபாகு கட்டிய பாம்புப் பெட்டி

ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தது. பெயர் வீரபாகு. மகா தைரியசாலி என்று அடுத்த வரியில் எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கீரி நான்தான் என்பதாலும், இதை என் மனைவி படிப்பாள் என்பதாலும், நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்ததிலிருந்து ஒரு பாம்பைக்கூடக் கொன்றதில்லை. கொல்லப் போனதும் இல்லை. ஒருமுறை ஓடைக்கரையில் கிடந்த சைக்கிள் டியூப்பைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தேன். இது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த விஷயம்.

என் மனைவி தையல்நாயகியின் அண்ணன் சங்கிலிமுத்து, பதினோரு பாம்பு கொன்றவர். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே பார்த்தாலும் பத்துப் பேர் நடுவில் ஒரே கேள்விதான் கேட்பார்.

"மாப்ளே, இதுவரைக்கும் எத்தனை?"

நான் பாயசம் வாங்கப் போவதுபோல எழுந்துவிடுவேன். அந்தக் குடும்பத்தில் எனக்குப் பாயசப் பைத்தியம் என்று பெயர். உண்மையில் எனக்கு இனிப்பே பிடிக்காது.

ஒரு ஆனி மாதம், பாறை இடுக்கில் ஒரு மலைப்பாம்புக் குட்டியைப் பார்த்தேன். முட்டையை விட்டு வந்து பத்து நாள் இருக்கும். ஆனாலும் என்னைவிட நீளம். அது கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அசைந்தால் கடித்துவிடும் என்று நானும் அசையாமல் நின்றேன். அரைமணி நேரம் போயிருக்கும். பாம்புக்கு இமை கிடையாது, அது திறந்த கண்ணோடு தூங்கிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

தூக்கம் கலைந்ததும் அது நகர்ந்து இடம் விட்டது.

"அண்ணே, வழியை மறைச்சுட்டு இருக்கேனா?"

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு யோசனை வந்தது. இதை வீட்டில் வைத்து வளர்த்தால் எத்தனை கொன்றாய் என்று எவனும் கேட்க மாட்டான். இத்தனை நாள் நான் பயந்ததெல்லாம் இனிமேல் கருணை என்று ஆகிவிடும்.

"எங்க வீட்டுக்கு வர்றியா?" என்று கேட்டேன்.

"அங்க வெயில் வருமாண்ணே?"

வரும் என்றேன். எங்கள் வளைக்குள் வெயில் வந்ததே கிடையாது.

தையல்நாயகி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எங்கள் மூன்று குட்டிகளையும் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

"வளர்க்கப் போறீங்க. சரி. எங்க படுக்க வைப்பீங்க?"

அதை நான் யோசிக்கவில்லை. ஒரு மண்பானைக்குள் விட்டுத் தட்டை வைத்து மூடினேன். காலையில் பானை காலி. பாம்பு தையல்நாயகியின் கழுத்தடியில் சுருண்டு கிடந்தது. அங்கேதான் சூடாக இருந்ததாம். அவள் கத்தவில்லை. எழுந்து உட்கார்ந்து, "இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள இதுக்கு ஒரு பெட்டி வரணும்" என்று மட்டும் சொன்னாள்.

காட்டுக்குச் சோலார் கரண்ட் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதிலிருந்து முள்ளம்பன்றி பிச்சாண்டி ஆலமரத்தடியில் சாமான் கடை போட்டிருந்தார். எல்லாம் தெரிந்தவர். தெரிந்ததைச் சொல்லாமல் சாமானைக் கொடுக்க மாட்டார்.

"பாம்புக்கு உடம்புச் சூடு உள்ளேயிருந்து வராது வீரபாகு. வெளியேயிருந்துதான் எடுத்துக்கணும். அதனால பெட்டியில ஒரு ஓரம் சூடா இருக்கணும், முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு டிகிரி. மறு ஓரம் இருபத்தாறு. வேணும்கிற இடத்துக்கு அதுவே போய்க்கும்."

"நடுவுல வச்சா?"

"நடுவுல நீ படு. ரெண்டு ஓரத்துலயும் ஒளிஞ்சுக்க ஒரு பொந்து வேணும். ஒண்ணுதான் வச்சேன்னா, சூடா இல்ல பத்திரமான்னு அது தினமும் ரோசனை பண்ணிக்கிட்டே கிடக்கும். சாப்பிடாது."

அப்புறம் பெட்டிக்குக் கண்ணாடிப் பலகைகள், சூட்டு விளக்கு, சூடு அளவைத் தாண்டினால் விளக்கைத் தானே அணைக்கும் கருவி, ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு தெர்மாமீட்டர், ஈரப்பதம் காட்டும் மீட்டர், பாம்பு முழுசாக இறங்கி ஊறும் அளவுக்குத் தண்ணீர்க் கிண்ணம், தரையில் பரப்பத் தேங்காய் நார்த்தூள், மூடிக்குக் கொக்கி, சாப்பாடு நீட்ட ஒரு நீள இடுக்கி எல்லாம் எடுத்து வைத்தார். கூடவே, ஏற்கெனவே செத்த எலிகள். எல்லாம் இயற்கை மரணம் என்று சத்தியம் செய்தார்.

"உயிரோட விடாதே. எலி திருப்பிக் கடிச்சிடும். செத்ததை வெதுவெதுப்பாக்கி இடுக்கியில நீட்டு. தின்ன பிறகு ரெண்டு நாள் தொடாதே. சட்டை உரிக்கிற சமயம் கண்ணு பால் மாதிரி ஆகும், அப்பவும் தொடாதே."

"எப்பத்தான் தொடறது?"

"உனக்குத் தொடணுமா?" என்று பிச்சாண்டி கேட்டார். எனக்கு வேண்டாம்தான்.

எங்கள் வளைக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை உண்டு. அதன் மீது கண்ணாடிப் பெட்டியைக் கட்டி நிறுத்தினேன். பாம்புக்குச் செல்லக்கண்ணு என்று பெயர் வைத்தேன். மறுநாள் சங்கிலிமுத்து வந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எத்தனை என்று கேட்கவில்லை. "இதைக் கையில எடுப்பியா மாப்ளே?" என்றார்.

"அது இப்பத்தான் சாப்பிட்டிருக்கு மச்சான். ரெண்டு நாள் தொடக்கூடாது."

ஒரு வருஷமாக அவர் வந்த நாளெல்லாம் அது அப்போதுதான் சாப்பிட்டிருந்தது.

பெட்டி வைத்தால் போதாது, அது பாம்பு வாழத் தகுந்த இடம் என்று சான்றும் வாங்க வேண்டும் என்றார்கள். வனப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு ஆமைதான் குமாஸ்தா. எனக்கு முன்னால் வரிசையில் நாலே பேர். பதினாறு நாள் நின்றேன். பன்னிரண்டு பக்க விண்ணப்பத்தில் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, "ஆய்வாளர் நேரில் வருவார்" என்றது ஆமை.

"எப்போ?"

"கிளம்பிட்டார்."

ஆய்வாளர் ஒரு தேவாங்கு. காட்டிலேயே மெதுவாக நடப்பது தேவாங்குதான். இன்றைக்கு வரலாம், நாளைக்கு வரலாம் என்று நான் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தவன்தான், நிறுத்தவே இல்லை. எச்சத்தை அன்றன்றைக்கு அள்ளினேன். தண்ணீரைத் தினம் மாற்றினேன். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவி, காயவைத்து, புது நார்த்தூள் பரப்பினேன். செல்லக்கண்ணு வளர வளரப் பெட்டி சின்னதாயிற்று. இரண்டாவது பெட்டி, பிறகு மூன்றாவது. மூன்றாவதற்குள் நான் எழுந்து நின்றாலும் தலை இடிக்காது. வெயில் இல்லாத நாளுக்காகப் பேட்டரியும் வாங்கினேன்.

இதற்கிடையில் கீழே எங்கள் வளையில் ஒரு பக்கச் சுவர் ஊறிப்போய்க் கிடந்தது. குட்டிகளின் படுக்கைச் சருகு கறுத்துவிட்டது. கடைசிக் குட்டிக்கு ஓயாத இருமல்.

"ஏங்க, நார்த்தூள் மிச்சம் இருந்தா இதுங்களுக்குக் கொஞ்சம் போடலாமே" என்றாள் தையல்நாயகி.

"அது செல்லக்கண்ணுக்கு அளந்து வாங்கினது. ஆய்வாளர் வந்து பார்த்தா?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டை எனக்கு இடுக்கியில் நீட்டினாள்.

ஒரு கார்த்திகையில் செல்லக்கண்ணு மூன்று வாரம் சாப்பிடாமல் இருந்தான். நான் சூடான ஓரம், குளிர்ந்த ஓரம், ஈரப்பதம் என்று மணிக்கொரு தரம் எழுதிவைத்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அவனே சொன்னான்.

"அண்ணே, பசிக்கலை. அவ்வளவுதான். நீங்க எட்டி எட்டிப் பார்க்கறதுதான் ஒரு மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகும் எட்டிப் பார்த்தேன். ஆனால் அவனுக்குத் தெரியாமல்.

மறு வருஷம் ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் மத்தியானம் ஓடை கரையை உடைத்துக்கொண்டு எங்கள் வளைக்குள் வந்துவிட்டது. ஆளுக்கொரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு பாறை மேல் ஏறினோம். மூன்றாவதைத் தூக்கிவர நான் திரும்ப இறங்கினேன். தண்ணீர் கழுத்துவரை வந்தது. இந்தக் கதையில் நான் தைரியமாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அதையும் தையல்நாயகி கீழே தள்ளிவிட்டதால் செய்தேன்.

பாறை மேல் ஒதுங்க இடமில்லை. மழை பக்கவாட்டில் அடித்தது. கடைசிக் குட்டி நடுங்கிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றுவிட்டது. அதுதான் பயமாக இருந்தது. தொட்டால் ஐஸ் போல இருந்தது.

தையல்நாயகி பெட்டியின் கொக்கியைத் தூக்கினாள்.

"உள்ள பாம்பு இருக்கு" என்றேன்.

"தெரியும். வெளியே மழை இருக்கு."

குட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கிவிட்டு அவளும் இறங்கினாள். நான் மழையிலேயே நின்றேன். என் பெண்டாட்டி பிள்ளைகள் ஆறடிப் பாம்போடு ஒரே பெட்டிக்குள் இருக்கிறார்கள். நான் மட்டும் வெளியே நின்று, பாம்பு வளர்ப்பில் எனக்கு இருக்கும் அனுபவத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் இறங்கி மூடியைச் சாத்தினேன்.

செல்லக்கண்ணுக்குக் கண் பால்போல வெளுத்திருந்தது. சட்டை உரிக்கும் சமயம். அவனுக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

"யாரு?"

"நான்தான்டா."

"இன்னிக்குத் தொடக்கூடாதுண்ணே."

"தொட வரலை. குடும்பத்தோட வந்திருக்கோம்."

அவன் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தான். "அஞ்சு பேர். ஒண்ணு ரொம்பக் குளிர்ந்து கிடக்கு போல. அதை இந்த ஓரம் போடுங்க, இங்கதான் முப்பத்தொண்ணு." சொல்லிவிட்டு விளக்கடியிலிருந்து எழுந்து, சில்லென்றிருந்த மறு ஓரத்துக்குப் போய்ப் பொந்துக்குள் சுருண்டுகொண்டான்.

குட்டியை விளக்கடியில் போட்டோம். தையல்நாயகி அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அடிவயிறு சுட ஆரம்பித்து, பின்னங்கால் அசைந்து, ஒரு பெரிய இருமல் வந்தது. அந்த இருமலைக் கேட்டு நான் அழுதுவிட்டேன்.

அழுது முடித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

"செல்லக்கண்ணு, நீ கடைசியா எப்போ சாப்பிட்டே?"

"பன்னெண்டு நாள் இருக்கும். கவலைப்படாதீங்கண்ணே. உயிரோட இருக்கறது எனக்குச் சாப்பாடாவே தெரியாது. இடுக்கியில வந்தாத்தான் எனக்குச் சாப்பாடு. நீங்க பழக்கினதுதானே."

நான் இடுக்கியைத் தேடி எடுத்து என் அடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்தேன். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

பேட்டரி தாங்கியது. ஆறு பேர் விட்ட மூச்சில் பெட்டிக்குள் ஈரப்பதம் நன்றாக ஏறி, செல்லக்கண்ணுக்கு மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை ஒரே துண்டாகச் சட்டை உரிந்தது. மழை விட்ட அன்று காலையில் அவன் புதுத் தோலோடு வெளியே போய்ப் பாறையில் நீட்டிப் படுத்து வெயில் காய்ந்தான். குட்டிகள் நார்த்தூளில் புரண்டன. நான் மூடியைச் சாத்திவிட்டு, காய்ந்த முதுகோடு விளக்கடியில் கால் நீட்டினேன்.

அப்போதுதான் ஆய்வாளர் வந்து சேர்ந்தார்.

தேவாங்குக்குப் பகலில் கண் கூசும். இடுங்கிய கண்ணோடு பெட்டியைப் பார்த்தார். உள்ளே ஐந்து கீரிகள். வெளியே பளபளவென்று ஒரு பாம்பு. நேராகப் பாம்பிடம் போய்க் காகிதத்தைப் பிரித்தார்.

"சூடான ஓரம் எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"முப்பத்தொண்ணு சார். மறு ஓரம் இருபத்தாறு."

"ஒளிய இடம்?"

"ரெண்டு. தண்ணி தினம் மாத்தறது."

"அடிக்கடி கையில எடுப்பீங்களா?"

"இல்ல சார். அவங்களுக்குத் தொட்டா பயம்."

நான் கண்ணாடியைத் தட்டினேன். "சார், வளர்க்கறது நான். விண்ணப்பம் போட்டது நான்."

ஆய்வாளர் குனிந்து என்னைப் பார்த்தார். "உள்ள இருக்கறது ரொம்பச் சத்தம் போடுதே. புது இடமோ?"

செல்லக்கண்ணு நல்லவன். பொய் சொல்லத் தெரியாதவன். "சார், பெட்டி அவங்களோடது" என்றான்.

"அதைத்தான் நானும் சொல்றேன். பெட்டி அதுங்களோடது. வளர்க்கறது நீங்க." காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "பெயர், வீரபாகு. இது எது?"

"அதோ, தட்டறாரே, அவர்தான்."

"பிராணிக்கு நல்ல பெயரா வச்சிருக்கீங்க" என்று எழுதி, முத்திரை குத்தி, பெட்டியின் கண்ணாடியில் சான்றை ஒட்டிவிட்டுப் போனார். கண்ணை விட்டு மறைய அவருக்குச் சாயங்காலம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் நான் பெட்டியை விட்டு வெளியே வராமலே கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவர் திரும்பவில்லை.

மறுநாள் ஆமையிடம் போனேன். பிழை திருத்த ஒரு படிவம் கொடுத்தது. வீட்டுக்கு எடுத்து வந்தேன். வீடு என்றால் பெட்டி. வளையில் இன்னும் சேறு. எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன், கடைசிக் கேள்வியைத் தவிர. 'தற்போதைய ஏற்பாட்டில் பிராணிக்கு ஏதேனும் குறை உண்டா?'

மூன்று நாள் யோசித்தேன். கடைசிக் குட்டிக்கு இருமல் நின்றிருந்தது. தையல்நாயகி சூடான ஓரத்தில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே செல்லக்கண்ணு மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, நான் பார்ப்பது தெரிந்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

பேனாவை எடுத்து எழுதினேன்: 'தண்ணீர்க் கிண்ணம் கொஞ்சம் சின்னது.'

நீதி: பாம்புக்குப் பெட்டி செய்யக் கொடுக்கிறவர், மறக்காமல் தன் அளவையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.