வசந்தி பஸ் ஏறின கதை

நாவலில் ஒரு பெண்ணை வீட்டை விட்டு அனுப்புவது ரொம்பச் சுலபம். ஒரு வரி போதும். ஆனால் எழுதுகிறவள் விருத்தாசலத்தில், புருஷன் வீட்டுச் சொந்தக்காரர்கள் ஒரு மணி நேரத்தில் வந்து இறங்கிவிடும் தூரத்தில் குடியிருந்தால் அந்த ஆசையே கூடாது. இது முன்னாடியே தெரிந்திருந்தால் சமையல் குறிப்பு எழுதி நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஒரு மாத இதழில் என் முதல் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. கதாநாயகி பெயர் வசந்தி. அவள் புருஷனுக்குப் பீங்கான் பட்டறை. (என் வீட்டுக்காரருக்கும் அதுதான். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு வேறு எதை எழுதுவது?) பெண்கள் எழுதிய நாவல்களில் பெண்களெல்லாம் புகுந்த வீட்டை எதிர்த்துக் கிளம்புவதைப் படித்துப் படித்து எனக்கும் வீராவேசம் வந்திருந்தது. கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் வசந்தி அடுப்பை அணைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். எங்கே போனாள், எப்படிப் பிழைத்தாள் என்று எழுதுவதுதான் பாக்கி.

"அவளை மட்டும் திரும்பக் கொண்டாந்துடாதீங்க" என்று இதழாசிரியர் அம்மா போனில் சொன்னார்.

"நானா? உயிரே போனாலும் மாட்டேங்க" என்றேன்.

அந்த இதழ் கடைக்கு வந்த இரண்டாம் நாள், வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா மல்லிகா அண்ணி, நான் பெரிய மாமா என்று கூப்பிடும் அவர்களுடைய பெரியப்பா, கூட ஒரு வேன் நிறைய உறவு. நான் கதவைத் திறந்ததும் அண்ணி படியில் வைத்த காலைக் கீழே இறக்கிவிட்டார்.

"எப்பம்மா திரும்பி வந்த?"

"நான் எங்கயும் போவலீங்களே அண்ணி."

"சரி வுடு. வந்துட்டல்ல, அது போதும்."

கதை அண்ணி, வெறும் கதை என்று கெஞ்சினேன். அவர் காதில் ஏறவேயில்லை. "ஈரத் துண்டைக் கட்டில்ல போடுறவன், கொழம்புல உப்பு கம்மின்னா தட்டைத் தள்ளிட்டு எழுந்திரிக்கிறவன், என் தம்பி இல்லாம வேற யாரு? மாசாமாசம் ஒரு வரி வுடாம படிக்கிறேன். எனக்குத் தெரியாதா?" (எழுதுகிறவளுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. வாங்கிக்கொள்கிற நிலைமையில்தான் அன்றைக்கு நான் இல்லை.)

தகவல் தெரிந்து என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து ஓடிவந்தார், முழங்கை வரைக்கும் வெள்ளைக் களிமண்ணோடு. அண்ணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒத்தையா கெடந்து பொங்கித் துன்னியாடா" என்று அழுதார். காலையில்தான் நான் சுட்ட இட்லியில் ஆறு தின்றுவிட்டுப் போன மனுஷன். இல்லக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. தனக்காக யாராவது அழுதால் அவரால் தாங்க முடியாது.

பஞ்சாயத்து ஆரம்பித்தது. வீட்டை விட்டு ஓடிப்போனவளை என்ன செய்யலாம் என்று கூடத்தில் எல்லோரும் பேச, அந்த ஓடிப்போனவள்தான் அத்தனை பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை கம்மி என்று யாரோ திருப்பிக் கொடுத்தார்கள். அதையும் சரிசெய்து கொடுத்தேன்.

கடைசியில் பெரிய மாமா தீர்ப்பு சொன்னார். "கதையப் படிச்சவங்க நாலு பேரு தப்பா பேசுவாங்க. அந்த வசந்தியத் திரும்பக் கூட்டியாந்து வூட்ல வுட்டுடு."

"அது கதைதானே மாமா."

"கதைதான? அப்ப கூட்டியாந்தா உனக்கு என்ன கொறஞ்சுபோவுது?"

"சரிங்க மாமா" என்றேன். உயிர் போகவில்லை, அதட்டல்கூட இல்லை, அதற்குள் சரிங்க மாமா. என்னை நினைத்தால் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

அந்த வாரமே எழுதி அனுப்பினேன். வசந்தி அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். எழுதும்போது, அவளை நானே தரதரவென்று இழுத்துக்கொண்டு வருவதுபோல இருந்தது, அழுதேன். அதற்கப்புறம் இதழாசிரியர் அம்மா என் போனை எடுக்கவில்லை. நானும் வேறு நாவல் எழுதவில்லை.

குடும்பத்துக்கு மட்டும் ஒரு ஜோக் மிச்சம். மங்கலம்பேட்டையில் துணி எடுத்துவிட்டு நான் கொஞ்சம் லேட்டாக வந்தால் போதும், என் வீட்டுக்காரர் வாசலிலேயே, "வசந்தி திரும்பி வந்துட்டாப்பா" என்பார். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய?

போன மாதம் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு காதுகுத்து. அங்கேயும் அதே ஜோக், அதே சிரிப்பு. நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போனேன். பின்னாலேயே அண்ணி வந்தார். யாரும் இல்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஏம்மா, அந்த வசந்தி பஸ் ஏறுனாளே, எந்த ஊருக்கு டிக்கெட்டு எடுத்தா?"

"எனக்கே தெரியாதுங்க அண்ணி. அதுக்குள்ள நீங்கல்லாம் வந்துட்டீங்க."

அண்ணி தட்டில் டீ டம்ளர்களை அடுக்கினார். "அன்னிக்கு வேன்ல வரும்போது, நீ எங்கயாவது போயி நல்லாருக்கணும்னுதான் நெனச்சிக்கிட்டு வந்தேன்" என்றார். "கதவைத் தொறந்தது நீன்னு பாத்ததும் எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சி."

சொல்லிவிட்டு, கூடத்தில் இருந்தவர்களுக்கு டீ எடுத்துக்கொண்டு போனார்.