ரெண்டு நாள் சாரும் ஒரு பாக்கெட் ஹேர் டையும்

மைசூரில் பாம்புக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. தசரா கூட்டத்துக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. சொந்தத் தோலுக்குப் பயந்து வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் 'ரெண்டு நாள்' சார்தான்.

பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் கீப்பர் அவர். கௌதள்ளி கிராமத்திலிருந்து வந்து சேர்ந்த அவருடைய அசிஸ்டென்ட் நான். இருவருக்கும் ஒரே மாடி வீடு. புதிதாக எது வந்தாலும், சோப்போ எண்ணெயோ, சார் இடது முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி தடவுவார். சுற்றிலும் பேனாவால் கட்டம் போடுவார். ரெண்டு நாள் காத்திருப்பார். அரிக்கவில்லையென்றால்தான் அது உடம்பில் ஏறும். ஒரே நேரத்தில் நாலைந்து கட்டங்கள் ஓடும். 'சோ' என்றால் சோப்பு, 'எ' என்றால் எண்ணெய். கையைப் பார்த்தால் ரயில்வே டைம்டேபிள் மாதிரி இருக்கும்.

கேன்டீனுக்குப் புது சமையல்காரர் வந்த அன்று சட்னியிலும் ஒரு சொட்டு கைக்குப் போயிற்று. மத்தியானம் ஸ்டாக் ரிஜிஸ்டர் முழுக்க எறும்பு. புது மேனேஜர் வந்து எல்லோரிடமும் கைகுலுக்கினார். நாங்கள் இளித்தோம். சார் மட்டும் ரெண்டு நாள் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை வாங்கினால் காலர் லேபிளைப் பிரித்து எறிவார். பனியனை நாலு தரம் துவைத்துப் பழசாக்கிய பிறகுதான் புதுசாகப் போடுவார்.

இதெல்லாம் அவர் உடம்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் பேனாவை டிக் டிக்கென்று அழுத்தினால் அவருக்குப் பல் கூசும். தட்டில் ஸ்பூன் உரசினால், "பேடப்பா செல்வா, வேணாம், உள்ளுக்குள்ள யாரோ சுரண்டற மாதிரி இருக்கு" என்று மாடிப்படி இறங்கிவிடுவார். பிறந்து வளர்ந்தது மைசூர் என்பதால் தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும். எனக்கு அப்போது ஒரே ஒரு அலர்ஜிதான் இருந்தது. அது இவர்.

நாற்பத்து மூன்றாவது வயதில் சாருக்கு ஒரு வரன் வந்தது. பெண்ணின் அப்பா தேவராஜ மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருந்தார். பெண் சுகந்தி, ஸ்கூல் டீச்சர். ஏற்கெனவே மூன்று மாப்பிள்ளைகள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போன வீடு. "ஞாயித்துக்கிழமை பத்தரை மணிக்கு. நீங்களாவது வந்துடுவீங்கல்ல?" என்று பெண்ணின் அப்பா இரண்டு முறை போன் செய்து கேட்டிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் கண்ணாடி முன் நின்று சார் நரையை எண்ணிக்கொண்டிருந்தார். நான் கீழே போய் ஒரு பாக்கெட் ஹேர் டை வாங்கி வந்தேன்.

"ரெண்டு நாள் பாக்கணுமே செல்வா."

"பொண்ணு பாக்கிறது நாளைக்கு. உங்க தலை திங்கக்கிழமை கறுத்து என்ன சார் பிரயோஜனம்?"

"அரிச்சா?"

"ஊரே போடுது. ஊருக்கு அரிக்காதது உங்களுக்கு மட்டும் அரிக்குமா?"

மொட்டையடிக்க உட்கார்ந்தவர் போலத் தலையைக் குனிந்து கொடுத்தார். நான் வெறுங்கையாலேயே தடவிவிட்டேன்.

காலையில் "செல்வா, விடிஞ்சுதா?" என்ற குரல் கேட்டு எழுந்தேன். ஜன்னல் வழியாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"விடிஞ்சிடுச்சு சார்."

"எனக்கு விடியலையே."

திரும்பிப் பார்த்தேன். நெற்றி வீங்கிக் கண்கள் இரண்டும் மூடியிருந்தன. காது ரெண்டும் வடை மாதிரி உப்பியிருந்தன.

ஆட்டோக்காரர் "ஏனாய்த்து சார்?" என்று கேட்டு, தேனீ கொட்டிவிட்டது என்று தானே முடிவு செய்துகொண்டு, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். ஒவ்வொரு சிக்னலிலும் நான், "மூச்சு விட முடியுதா சார்?" என்றேன்.

"நீ கேக்கிறப்பதான் முடியல."

நர்சிங் ஹோமில் ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். "வீக்கம் வடிஞ்சிடும். ஆனா குரல் மாறினாலோ, தொண்டை அடைச்சாலோ உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்றார் டாக்டர். அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. "ஏதாவது பேசிட்டே இருங்க சார்" என்றேன். என்ன பேசுவதென்று தெரியாமல் அவர், "அரை இஞ்ச் வாஷர்… முக்கால் இஞ்ச் வாஷர்…" என்று ஸ்டோர்ஸ் லிஸ்டை ஒப்பித்தார். ஒவ்வொரு வாஷருக்கும் அந்தக் குரலை உற்றுக் கேட்டேன்.

பத்தே முக்காலுக்குப் பூக்கடைக்காரர் கூப்பிட்டார். சாருக்கு உடம்பு சரியில்லை என்றேன். "போன மாப்பிள்ளையும் இதையேதான் சொன்னார் தம்பி" என்றார். அவரிடமிருந்து போனை யாரோ வாங்கினார்கள்.

"எந்த ஆஸ்பத்திரி?" பெண் குரல்.

அரை மணியில் பட்டுப்புடவையும் மல்லிகையுமாகச் சுகந்தி வந்து நின்றார், பின்னால் அப்பா. யாரென்று நான் சொன்னதும் சார் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

"நான் வழக்கமா இப்படி இருக்க மாட்டேங்க" என்றது போர்வை.

சுகந்தி ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். நாலாவது தடவையும் இந்த வீட்டுக்கு இப்படியா?

"எரியுதாங்க?"

"அரிக்குது."

"சொறியக் கூடாது." நெற்றிக்குப் போன கை அப்படியே இறங்கியது. "இந்த ஹேர் டையை யாரு போட்டுவிட்டது?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"நானேதான் போட்டுக்கிட்டேன். அவசரம்" என்றார் சார்.

அவர்கள் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பினார்கள். "கண்ணு திறந்ததும் வீட்டுக்கு வாங்க. நரையோடயே வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் சுகந்தி. ஆவணியில் கல்யாணம் ஆயிற்று. நரையோடுதான்.

ஆனால் அன்று அவர்கள் போன பிறகு நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை.

"செல்வா, இங்க வா. கையக் குடு" என்றார் சார். கண் இன்னும் திறக்கவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். மணிக்கட்டு, முழங்கை மடிப்பு வரை தடிப்பு இருக்கிறதா என்று தேடினார். "வெறுங்கையால போட்டுவிட்டியே, எங்கயாவது அரிக்குதா?"

"இல்ல சார்" என்றேன். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.

சார் பதறி எழுந்து உட்கார்ந்தார். "சிஸ்டர்! ஸ்வல்ப பேகா, சீக்கிரம் வாங்க! பையனுக்குத் தொண்டை அடைக்குது!"

நர்ஸ் ஓடி வந்தார். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லக் குரல் வரவில்லை.