மேலால நாலு விரல்

"வெள்ளிக்கிழம வாங்க, நூஹு நானா. இந்தத் தொட்டிக்குள்ள மீன் இல்லாட்டி என் பேர் பதுர்தீன் இல்ல!"

வேலியோரம் நின்று நான் இந்தச் சபதத்தைப் போட்டபோது பக்கத்து வீட்டு நூஹு நானா மட்டும்தான் எதிரில் இருந்தார். ஆனால் குரலை உயர்த்தியது குசினியிலிருந்த என் மனைவி கமறியாவுக்காக.

கடலோர எத்தாளையில் பிறந்தவனுக்கு மீன் என்ன புதினமா என்று கேட்பீர்கள். நான் மீனைக் குழம்பில் பார்த்துச் சலித்துப்போனவன். நிறம் நிறமாக, உயிரோடு, என் வீட்டு ஹோலில் அது நீந்த வேண்டும். கடல் மீன் என்றால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அதற்குத் தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில், மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, ஓட்டை போட வேண்டும். அதன் வழியாகத் தண்ணீர் வாளிக்கு இறங்கும், மோட்டார் திரும்ப ஏற்றிவிடும். யூடியூப் பார்த்து இதில் நான் பட்டம் வாங்காத குறை.

சிக்கல் கமறியாவிடம்தான். அவள் வாசலில் மேசை போட்டு, மாவுக்குள் கறி அடைத்துப் பொரித்த பேட்டீஸ் விற்கிறவள். காற்றுக் காலத்தில் கல்பிட்டிக் கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள்கூட வண்டியை நிறுத்தி வாங்குவார்கள். ஈ மொய்க்காமல் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து தாருங்கள் என்று நோன்புக்கு முன்னாலேயே கேட்டிருந்தாள். கண்ணாடி வேலை என் கைக்கு வராது என்று சொல்லித் தப்பியிருந்தேன்.

இப்போது தொட்டியோடு வந்து நிற்கிறேன். அவள் தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.

"கண்ணாடி வேல கைக்கு வராது என்டீங்க?"

"அது அப்ப. இப்ப வந்திட்டு."

"நல்லம். எனக்கும் மீன் பாக்க ஆசதான். ஒதவிக்கு நானும் வாறேன்."

கோபமில்லை. தேத்தண்ணியில் சீனியும் சரியாக இருந்தது. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

புத்தளத்துக்குப் போய், ட்ரில்லில் மாட்டும் வைர முனை ஒன்று வாங்கி வந்தேன். கண்ணாடியைத் துளைக்க வைரத்தூள் ஒட்டிய முனைதான் வேண்டும். அதைக் கமறியா உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இதுல வைரம் ஈக்கிதா?"

"ஓம்."

"கலியாணம் முடிச்சு இந்த ஊட்டுக்கு வந்த மொத வைரம். அதுவும் ஓட்டைக்கு!"

பேச்சை மாற்றினேன். "கட முதலாளி ஒரு விஷயம் சொன்னாரு புள்ள. அடிக் கண்ணாடி டெம்பர் பண்ணினது, சூடாக்கி இறுக்கினது. அதுல கை வச்சா முழுசா நொறுங்கிரும். டெம்பர் ஈக்கிற எடத்தத் தொடப்படாது."

"அது ஒங்களுக்கு இப்பதான் தெரியுமா?" என்று தன்னைத் தொட்டுக் காட்டினாள்.

வியாழக்கிழமை ட்ரில் கேட்டு நூஹு நானா வீட்டுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் கமறியா எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டாள். தொட்டியைப் பின்பக்கக் கண்ணாடி வானம் பார்க்க மெத்தையில் படுக்கவைத்து, அதிராமல் இருக்க உள்ளே தலையணை திணித்து, பழைய போர்வையால் முழுவதையும் சுற்றியிருந்தாள். துளைக்கிற இடத்தில் மட்டும் போர்வையை விலக்கி, பேட்டீஸ் மாவை உருட்டி வளையமாக ஒட்டி, நடுவில் தண்ணீரும் ஊற்றியிருந்தாள். கண்ணாடி சூடேறாமல் இருக்கவாம். யூடியூப்காரனுக்குக்கூட இந்த யோசனை வரவில்லை.

"எடம் சரியா?"

"மேலால நாலு விரல். அளந்துதான் வச்சேன்."

நான் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பிஸ்மில்லாஹ் சொல்லி ட்ரில்லை அழுத்தினேன். அது கத்திய கத்தலில் கோழிகள் வேலி தாண்டின.

"மெல்ல."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சவரு மெல்லப் புடிங்க."

டொக்! வட்டமான ஓட்டை. ஒரு கீறல்கூட இல்லை. என் நெஞ்சு நிமிர்ந்த நிமிர்வில் சேர்ட் பொத்தான் ஒன்று கழன்றது.

"இன்னொண்டும் போடுங்க" என்றாள். "தண்ணி போக ஒண்டு, வர ஒண்டு."

அதையும் போட்டேன். என்னைப் புகழ்ந்துகொண்டே போர்வையோடு தொட்டியைத் தூக்கிப் போய் ஹோலில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, வெள்ளைச் சாரம் உடுத்தி நூஹு நானா வந்தார். வாளியில் மஞ்சள் மீன்கள் இரண்டு தயார். போர்வையை உருவி, உள்ளிருந்த தலையணையை எடுத்தேன். பின்பக்கம் சுவரைப் பார்த்திருந்தது; குழாயைப் பிறகு மாட்டலாம் என்ற அவசரத்தில் நான் ஓட்டையைக் கவனிக்கவில்லை. கேன் கேனாகக் கடல் தண்ணீரை ஊற்றினேன்.

அடியிலிருந்து நாலு விரல் உயர்ந்திருக்கும். இரண்டு ஓட்டையாலும் தண்ணீர் பீச்சியடித்தது. சுவரில் பட்டுத் தெறித்து நூஹு நானாவின் சாரத்தை நனைத்தது.

"கமறியா! மேலால நாலு விரல் என்டியே!"

"ஓம். எனக்கு அதுதான் மேல்."

நூஹு நானா சாரத்தைப் பிழிந்துவிட்டு என் தோளில் தட்டினார். அதுதான் எனக்கு வலித்தது. மீன்களைக் கடலில் விட வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் அறைக்குள் போய்ப் போர்வையால் முகத்தை மூடிப் படுத்துக்கொண்டேன். எனக்கு வேறு என்ன பேர் வைக்கலாம் என்று யோசித்தேன்.

மாலை அஸர் பாங்கு கேட்டு எழுந்து வாசலுக்கு வந்தால், கமறியாவின் மேசையில் என் தொட்டி. தலைகீழாக. மேசை விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டி வைத்து, நீட்டிய பக்கம் தொங்கவிட்ட துணிக்குள்ளே கீழால் கை விட்டுச் சுடச்சுட எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மேலே, விளிம்புக்கு நாலு விரல் கீழே, இரண்டு ஓட்டையாலும் ஆவி போய்க்கொண்டிருந்தது. முதல் வாடிக்கையாளர் நூஹு நானா.

"என்ன புள்ள இது?"

"நோன்புக்கு முந்திக் கேட்ட பெட்டி. ஆவி போகாட்டி பேட்டீஸ் வேர்த்துரும்."

"அப்ப என்ட சபதம்? என்ட பேரு?"

கமறியா ஒரு பேட்டீஸை எடுத்து என் கையில் வைத்தாள்.

"பேர மாத்தத் தேவல்ல. கடிச்சுப் பாருங்க."

கடித்தேன். உள்ளே சூரை மீன்.