ஓடாத இன்ஜினுக்கு ஒரு பிரியாவிடை

"அப்பா ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலீங்க" என்று மனைவி சொன்னதும், ஆபீஸ் கண்காணிப்பாளருக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது.

"எனக்காக வருத்தப்படறார்" என்றார் பெருமையாக.

விஷயம் இதுதான். நூலக ஆண்டு விழாவில், பற்றற்ற வாழ்வு பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். கைதட்டல் போதவில்லை என்று தோன்றியது. உடனே, ஏழு வயதிலிருந்து தான் காத்துவரும் பொம்மை ரயில் இன்ஜினை நூலகத்துக்கே தருவதாக அறிவித்துவிட்டார். கைதட்டல் வந்தது. கூடவே, அவர் பெயரில் பலகை வைப்பதாக நூலகர் அம்மாளின் வாக்குறுதியும் வந்தது.

கறுப்பு உடம்பு, பித்தளைப் புகைபோக்கி, அவருடைய தாத்தா காலத்து இன்ஜின். முறுக்கிவிட்டால் ஓடக்கூடியதுதான். ஆனால் அவர் ஓட விட்டதில்லை. பழம்பொருளை ஓட்டுகிறவன் ரசிகனே இல்லை என்பது அவர் கட்சி. கூடத்துக் கண்ணாடி அலமாரியில் அது பூட்டியே இருக்கும். அலமாரிச் சாவி இருக்கும் இடத்தை அவர் யாருக்கும் சொன்னதில்லை. தினமும் ஆபீஸ் கிளம்பும்போது கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு பார்வை. அதோடு சரி.

மாமனாரின் அறைக்குப் போனார்.

"மாமா, என் தியாகத்தை நினைச்சு நீங்க உடம்பைக் கெடுத்துக்கக் கூடாது."

"அதைக் குடுத்துத்தான் ஆகணுமா மாப்பிள்ளை?"

"பிடிச்சதை விடறதுலதானே பெருமை! ஞாயித்துக்கிழமை தவறாம உங்களை நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாத்துக்கிட்டு இருக்கலாம்."

"பாக்கறதுக்கா?" என்று கேட்டுவிட்டு, மாமனார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று ராத்திரிச் சாப்பாடும் போயிற்று.

மறுநாள் இன்ஜினைப் படமெடுத்து, சட்டம் போட்டு, மாமனார் கட்டிலுக்கு எதிரே மாட்டினார். அதைப் பார்த்தபின் பெரியவர் டீயையும் நிறுத்திவிட்டார்.

"ஏங்க, அதுக்குப் பதிலா அந்தப் பெரிய கடிகாரத்தைக் குடுத்துடலாமே" என்றாள் மனைவி, தழுதழுத்த குரலில்.

"கடிகாரத்துக்கு எவன் பலகை வைப்பான்?"

இத்தனை வருஷமாகத் தன் சொற்பொழிவு எதற்கும் கலங்காத மனைவி கலங்கியதில் அவருக்கு உச்சி குளிர்ந்தது.

படிக்கட்டில், கீழ்வீட்டுத் தையல்காரர் மறித்தார்.

"சார், இன்ஜின் போகுதாமே? கேட்டதுலேர்ந்து கை ஓடலை. ஒருத்தர் சட்டைக்குக் காலரைத் தலைகீழா தெச்சுட்டேன்."

"கவலையே படாதீங்க. அங்கே ஒருத்தர் விரல் படாது. ரெட்டைப் பூட்டுக்குச் சொல்லியிருக்கேன்."

"ஒருத்தர் விரல்கூடவா?" தையல்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீடே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு அன்பை மிதித்துவிட்டு ஒரு பலகை தேவையா? மனசு கேட்காமல் நூலகர் அம்மாளுக்குப் போன் போட்டார்.

"பலகை தயார் சார்! உங்க பேர் மட்டும் தங்க எழுத்துல."

தங்க எழுத்து என்றதும் அவருக்குப் பற்று மறுபடியும் அற்றுப்போயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் நூலகர் அம்மாள் பெட்டியோடு வந்தார். மனைவியும் மாமனாரும் சுவரோரம் நின்றார்கள். கண்காணிப்பாளர் அலமாரியைத் திறந்து, இன்ஜினை இரு கைகளிலும் ஏந்தி, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"என் விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இது ஓர் அங்குலம் நகர்ந்ததில்ல. காலமே இதுக்குள்ள உறைஞ்சு நிக்குது."

நூலகர் அம்மாள் அதை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார்.

"ஓடாத வண்டிக்குச் சக்கரம் இப்படி மினுங்குதே சார்? எண்ணெய்கூட ஈரமா இருக்கு!"

எண்ணெய் விட்ட ஞாபகம் அவருக்கு இல்லை. இருந்தாலும் பாராட்டை விடுவானேன்?

"பராமரிப்பும்மா, பராமரிப்பு!"

மாமனார் மூக்கைச் சிந்தினார். இப்படி ஒரு குடும்பம் யாருக்கு வாய்க்கும்! நிறைந்த மனசோடு இன்ஜினைப் பெட்டிக்குள் வைத்து மூடினார் கண்காணிப்பாளர்.

அப்போது தையல்காரர், கழுத்தில் அளவு நாடா ஆட, மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"கொஞ்சம் இருங்க சார், இன்ஜினை மட்டும் அனுப்பினா எப்படி? நானும் இந்த அக்காவும் பெரியவரும் சேர்ந்து பண்ணின தண்டவாளம் என் வெட்டு மேசை மேல அப்படியே கிடக்கு, மத்தியானம் ஓட்டிட்டு எடுத்து வைக்க மறந்துட்டோம்!"