வலது தோளில் இரண்டு கை

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் இரண்டு கேமராக்களும் நலம். என் முதுகைப் பற்றி விசாரிக்க வேண்டாம். அங்கு நீயும் மாமாவும் அப்பாவும் நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன்.

அடுத்த மாதம் அப்பாவுக்கு எண்பது வயது நிறைகிறது, மூன்று பிள்ளைகளும் அவரோடு ஒரே படத்தில் நிற்க வேண்டும், படத்தையும் நீயே எடுத்துவிடு என்று நீ சொன்னதைத் தீர யோசித்தேன். இயலாது. ஏன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது வார்த்தையிலேயே நீ அழுதுவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முதல் காரணம், மனிதர்களைப் படம் எடுப்பதே எனக்கு வெறுத்துவிட்டது. இது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கிற பிள்ளைகள் போட்டோவுக்கு வருகிற மாதம். செவ்வாய்க்கிழமை ஒரு பையன் அம்மாவோட வந்தான். அந்தம்மா எனக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, ரெண்டு விரலால வாயை இழுத்துக் காட்டி "சிரிடா, சிரிடா"ங்கறாங்க. எடுத்த அறுபது படத்துலயும் பையன் என் தோளுக்கு மேல எதையோ பார்த்துப் பயந்துபோய் நிக்கிறான். "அம்மா, கொஞ்சம் வெளியில இருங்க"ன்னு அனுப்பி வெச்சா, ஜன்னல் வழியா அதே விரல், அதே வாய். திரைச்சீலையை இழுத்து மூடினேன். பையன் ஒரு தடவை சிரிச்சான் பாரு, நான் இத்தனை வருஷத்துல எடுத்ததுல அப்படி ஒரு படம் பத்துகூட இருக்காது. அந்தம்மா பார்த்துட்டு, "இது யாரோ மாதிரி இருக்கே"ன்னு ஒதுக்கிட்டாங்க. அவன் முறைச்சுக்கிட்டு நிக்கிற படத்தைப் பொறுக்கி எடுத்து, "இதுதான் என் பிள்ளை"ன்னு பூரிச்சுப் போனாங்க. எனக்கு எங்க போய் முட்டிக்கிறதுன்னு தெரியலை.

அதாவது பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் வந்தது. ஒரு அம்மா, ரெண்டு மகன்கள், அவங்க பெண்டாட்டி பிள்ளைகள். பெரிய மகன் பத்து மணிக்கு வருவாராம், அவர் கிளம்பிப் போனப்புறம் பன்னிரண்டு மணிக்குத்தான் சின்ன மகன் படியேறுவாராம். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "தனித்தனியா எடுத்து ஒட்டிடுங்க, இப்பதான் கம்ப்யூட்டர் இருக்கே"ங்கறாங்க. ஒட்டணும்னா அந்தம்மா நடுவுல அசையாம இருக்கணும். பாவம், ரெண்டு மணி நேரம் நாற்காலியில ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருந்தாங்க. பெரியவர் வந்து அம்மாவோட வலது பக்கம் நின்னு, வலது தோள்ல கையை வெச்சு எடுத்துக்கிட்டார். பன்னிரண்டு மணிக்குச் சின்னவர் வந்து, நேரா அதே வலது பக்கம் போய், அதே தோள்ல கையை வெச்சார். "சார், உங்க இடம் அந்தப் பக்கம்"னேன். "அதை யார் முடிவு பண்ணினது, அவரா?"ன்னு என்மேல பாய்ஞ்சார். அந்தம்மா தலையைத் திருப்பாமலே, "தம்பி, எனக்கு இடது தோளே கிடையாதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்க போல. அது ஒண்ணுலதான் ஒத்துமை"ன்னாங்க.

எனக்கு வந்த ஆத்திரத்துல, "பெத்தவங்களுக்காக ஒரு நிமிஷம் ஒண்ணா நிக்கிறதுல உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு"ன்னு கேட்டுட்டேன். அவர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார். நான் கேட்டது தப்பா, நீயே சொல்லு.

இப்ப நம்ம வீட்டுப் பெரியவர் விஷயத்துக்கு வர்றேன். உன் அருமை அண்ணன்தான். சொந்தத் தம்பி போட்டோ ஸ்டுடியோ வெச்சிருக்கான். சொந்த மகளுக்குக் கடைசி வருஷப் போட்டோ எடுக்கணும். நேரா எங்கே போனார்? எதிர்த்தெருவுல ஸ்டுடியோ வெச்சிருக்கிற சுண்ணாம்புகிட்ட. அவனுக்கு நான் அந்தப் பேரை வெச்சது சும்மா இல்லை, எந்த முகம் போனாலும் கம்ப்யூட்டர்ல வெள்ளையடிச்சுத்தான் அனுப்புவான். ஏன் அங்கே போனீங்கன்னு கேட்டதுக்குப் பெரியவர் சொன்ன பதில், "உன் படத்துல எல்லாரும் இருக்கிற மாதிரியே இருக்காங்கடா." அக்கா, இது ஒரு குறையா? நம்ம குட்டி மோவாயில இருக்கிற மச்சம் நம்ம அம்மாகிட்ட இருந்து வந்தது, எனக்கும் இருக்கு. அதையும் சேர்த்து அவன் துடைச்சிருப்பான். அன்னிக்கு நிறுத்தின பேச்சுதான், மூணு வாரம் ஆச்சு. அவர் மன்னிப்புக் கேட்காம நான் அவரோட ஒரே சட்டத்துக்குள்ள நிக்க மாட்டேன். அப்பாவை வேணா தனியா எடுத்துத் தர்றேன். பெரியவரைச் சுண்ணாம்பு எடுக்கட்டும். நீ ஒட்டிக்கோ.

மாமாவுக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். அப்பா காலைத் தொட்டதாகச் சொல்லவும். என் முடிவில் மாற்றமில்லை என்பதைப் பணிவன்புடன் மீண்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் சின்னத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போற நேரத்துல குட்டி வந்து நிக்கிறா. பள்ளிக்கூடத்துல போட்டோவைத் திருப்பி அனுப்பிட்டாங்களாம். படிவத்துல அங்க அடையாளம் மோவாயில் மச்சம்னு எழுதியிருக்கு, படத்துல மச்சத்தைக் காணோம், நாளைக்குள்ள வேற படம் வேணும்னு. எட்டிப் பார்த்தேன். பெரியவர் வாசல்ல ஸ்கூட்டர் மேல, தலைக்கவசத்தைக்கூடக் கழட்டாம வெயில்ல உக்காந்திருக்கார். "எவ்வளவு நேரமாகும்னு உங்க சித்தப்பாகிட்ட கேளு"ன்னு மகள்கிட்ட சொல்றார். "சும்மா இருக்கிறவங்க உள்ள வந்து வெளிச்சத்துக்குத் தட்டி பிடிச்சா சீக்கிரம் முடியும்னு உங்க அப்பாகிட்ட சொல்லு"ன்னேன். வந்தார். அந்த வெள்ளைத் தட்டியை வாங்கி மொத்த வெளிச்சத்தையும் மேல திருப்பிக்கிட்டு நின்னார். எவ்வளவு நேரம்தான் பொறுக்கிறது? "அண்ணே, அது ஃபேனுக்கு இல்லை, பிள்ளை முகத்துக்கு"ன்னு என் வாயிலேருந்து வந்துடுச்சு.

படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "மச்சம் நல்லா விழுந்திருக்குடா. அம்மா மாதிரியே இருக்கா"ன்னார். எனக்கு அழுகை வந்துடுச்சு அக்கா. இனிமே உன்னைக் கிண்டல் பண்ண மாட்டேன்.

அதனால மேலே எழுதினது எதையும் கணக்குல எடுத்துக்காதே. வர்றேன். கேமராவைத் தானா எடுக்க வெச்சுட்டு ஓடி வந்து நானும் நின்னுக்கிறேன். அப்பாவோட வலது பக்கம் மட்டும் நான்தான். அண்ணன்கிட்ட இப்பவே சொல்லி வை.