வேங்கிக்காலுக்கு வந்த சவ்வு

வேங்கிக்கால்,
21-6-1987

அன்புள்ள தம்பி பலராமனுக்கு அக்கா திரௌபதி எழுதுவது. நானும் உன் மாமாவும் நலம். அங்கே நீயும் உன் மனைவி மக்களும் நலம்தான் என்று நானே முடிவு செய்துகொண்டு, நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டில் துவரம்பருப்பு வெந்துவிட்டது.

சிரிக்காதே. இந்த வீட்டுக்குக் குடிவந்த மூன்று வருடத்தில், இங்குள்ள போர்வெல் தண்ணீரில் பருப்பு முழுதாக வெந்து நான் பார்த்ததில்லை. சோப்பு நுரைக்காது, காப்பி உப்புக் கரிக்கும். போன மாதம் ஒரு இன்ஜினீயர் எங்கள் தெருமுனையில் கொட்டகை போட்டு, உப்பு நீக்கும் இயந்திரம் ஒன்றை இறக்கினார். ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் என்று பெயர். பரீட்சார்த்தமாக வைத்திருக்கிறோம், குறித்த வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது வீட்டார் தண்ணீர் பிடித்துக் கையெழுத்துப் போட்டால் இங்கேயே இருக்கும், இல்லாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும் என்றார். நான் எதையும் சுலபத்தில் நம்பாதவள் என்பது உனக்குத் தெரியும். ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. தண்ணீருக்கு ருசியே இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய ருசி என்று அன்றுதான் தெரிந்தது!

இருபத்திரண்டு வருடமாகப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள் என்பதால், தெருவாருக்கு விளக்கும் பொறுப்பை நானே வலியப்போய் எடுத்துக்கொண்டேன். "எலுமிச்சங்காய உப்புல போட்டா என்ன ஆவுது? தண்ணி விடுது. காய்க்குள்ள இருக்கிற தண்ணி உப்பு ஜாஸ்தியா இருக்கிற பக்கம் தானாப் போவுது. இந்த மிஷின் அதையே தலைகீழாப் பண்ணுது. உப்புத் தண்ணிய மோட்டார் வெச்சு பலமா அழுத்தினா, நல்ல தண்ணி மட்டும் இந்தப் பக்கம் வந்துடும், உப்பு அந்தப் பக்கமே நின்னுடும்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பக்கத்து வீட்டு ராணியம்மாள், பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர், முட்டை வாசனைக்கே ஜன்னலைச் சாத்துகிறவர், "நடுவுல என்னங்க டீச்சர் இருக்குது?" என்றார். அங்கேயாவது நான் ஆங்கிலத்தில் பேசியிருக்கலாம். தமிழில் சொல்ல வேண்டும் என்ற ஆசையில், "ஒரு மெல்லிய சவ்வுங்க" என்றேன்.

"சவ்வா? எதோட சவ்வு? ஆட்டுதா, மாட்டுதா? அண்ணாமலையாரே, அதுல வடிஞ்ச தண்ணியிலயா நான் சாமிக்கு விளக்கு பாத்திரம் கழுவுறது?" என்று ராணியம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டார். தையல்கடை ஜானி பாஷா பின்னாலிருந்து, "ஆட்டுதுனா அறுத்தது யாருங்க? அதைச் சொல்லுங்க மொதல்ல" என்றார். ஐந்து நிமிடத்தில் கொட்டகை காலி. வியாழக்கிழமை மாலை வரை ஏழு கையெழுத்து. அதில் இரண்டு எங்கள் வீட்டிலேயே போட்டவை.

வெள்ளிக்கிழமை காலை, பஸ் ஸ்டாண்டு பக்கம் கறிக்கடை வைத்திருக்கும் கவுஸ் பாஷாவை உன் மாமா அழைத்துவந்தார். இயந்திரம் ஓட்டும் ராமன், பழுதான பழைய சவ்வு ஒன்றைப் பாய் விரிப்பது போலப் பிரித்து வைத்தான். தெருவே வேடிக்கை பார்த்தது. கவுஸ் பாஷா அதைத் தடவினார், முகர்ந்தார், ஓரத்தில் கிழித்தார். "நாப்பது வருஷமா சவ்வு உரிக்கிறேன். இது சவ்வே இல்லம்மா. காயிதம்!" பஞ்சும் மரக்கூழும் கொண்டு செய்த தாள் என்று நான் சொல்ல வந்ததை யாரும் கேட்கவில்லை. "பாய் சொன்னா சரியாத்தான் இருக்கும். டீச்சருக்குப் படிப்புதான் ஜாஸ்தி, சவ்வப் பத்தி என்னா தெரியும்?" என்று ராணியம்மாள் முதல் ஆளாகக் குடத்தை வைத்தார். மதியத்துக்குள் அறுபத்தொரு கையெழுத்து!

குறை இல்லாமல் இல்லை. நான்கு குடம் உள்ளே போனால் ஒரு குடம்தான் நல்ல தண்ணீர். மற்ற மூன்றும் முன்னைவிட உப்பாகி வெளியே ஓடுகின்றன. வீணாகிறதே என்று அதைத் தென்னங்கன்றுக்கு ஊற்றிய உன் மாமா இப்போது கன்று இருந்த பக்கம் போவதில்லை. வோல்ட்டேஜ் கம்மியானால் மோட்டார் முனகுவதோடு சரி. சவ்வு அடைத்துக்கொண்டால் புதிதாக மாற்ற வேண்டும். எதிர்வீட்டுத் தங்கம்மாள், "சத்தெல்லாம் அந்தக் குழாய்ல போயிடுது, சக்கைதான் நமக்கு வருதாங்க?" என்று கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. உப்போடு சுண்ணாம்புச் சத்தும் போய்விடுகிறது என்பது உண்மைதான். கீரையும் மோரும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஆனாலும் தம்பி, அரை மணியில் பருப்பு குழைகிறது! நாற்பத்தெட்டு வயதில், சாம்பாரைக் கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். லீவுக்கு எல்லோரும் வந்துவிடுங்கள். வருகிறவர்களுக்கெல்லாம் வெறும் தண்ணீரே கொடுத்து உபசரிப்பதாக இருக்கிறேன்.

குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். அண்ணாமலையார் உங்களைக் காக்கட்டும். நான் அவரை அடிக்கடி தொந்தரவு செய்வதில்லை, ஆகையால் இதைக் கேட்டுக்கொள்வார்.

அன்பு அக்கா,
திரௌபதி

பின்குறிப்பு: பூரிப்பில் இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடாமல் பத்து நாள் கைப்பையிலேயே வைத்திருந்திருக்கிறேன். கையெழுத்து சேர்ந்த அன்று இன்ஜினீயர், "ஃபைலுக்கு வேணும், உங்க ஊர் தண்ணி ஒரு பாட்டில் பிடிச்சுக் கொடுங்க டீச்சர்" என்றார். பாட்டிலை மூன்று முறை அலசி, பெருமையோடு இயந்திரத்தின் நல்ல தண்ணீர்க் குழாயில் பிடித்துக் கொடுத்தேன். இன்று ஆய்வு அறிக்கை வந்துவிட்டது: "இவ்வூர் நீர் மிகத் தூய்மையானது. இயந்திரம் தேவையில்லை." வியாழக்கிழமை கீழ்பென்னாத்தூருக்கு ஏற்றுகிறார்கள். அது போர்வெல் தண்ணீரே இல்லை, யாரோ விவரம் தெரியாதவர்கள் பிடித்த தண்ணீர் என்று வாதாடினேன். இன்ஜினீயர் பாட்டிலைத் திருப்பிக் காட்டினார். லேபிளில் என் கையெழுத்து: "வேங்கிக்கால் தண்ணீர். சரிபார்த்தது: திரௌபதி, எம்.எஸ்சி."