குழி சாரும் நிரம்பாத தொட்டியும்

திருவண்ணாமலைக்கு வந்து மலையை விட்டுவிட்டுக் குழியையே பார்த்துக்கொண்டிருந்த ஒரே மனுஷன் எங்கள் குழி சார்தான்.

வீடோ லாட்ஜோ கட்டுகிற இடத்தில், கக்கூஸ் தொட்டிக் கழிவுநீரை அந்த மண் தாங்குமா என்று பார்ப்பது அவர் வேலை. சின்னதாகக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுவார். கவிழ்த்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்து, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று வாட்சும் கையுமாகப் பார்ப்பார். கிணற்றைக் கண்டால், கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீரில் ஒரு காகிதப் பட்டையை நனைப்பார். அது ரோஸ் ஆகிவிட்டால் அன்றைக்கு டீகூடக் குடிக்க மாட்டார்.

ஒருமுறை அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் இப்படி உட்கார்ந்திருந்தார். சாமியார் என்று நினைத்து இரண்டு வெள்ளைக்காரர்கள் எதிரே கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு அம்மா வாழைப்பழம் வைத்து, "சாமி, என் புள்ளைக்கு வேலை கெடைக்குமா?" என்றாள்.

"தள்ளி நில்லும்மா, நிழல் வுழுது, அளவு தெரியல."

அதையே அருள்வாக்காக எடுத்துக்கொண்டு அந்த அம்மா கும்பிட்டபடி தள்ளி நின்றாள்.

எனக்கும் அவருக்கும் ஆகாது. நான் தொட்டிக்கு சிமெண்ட் உறை இறக்குகிறவன். படிப்பு இரண்டாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வரவில்லை, மீதி நாள் நான் போகவில்லை. அடியில் தளம் போடாமல் உறையை மட்டும் இறக்கிவிட்டு, "நம்ம தொட்டி ஜென்மத்துக்கும் ரொம்பாது" என்று மீசையை முறுக்குவேன். என் வீட்டுத் தொட்டியே நிரம்பியதில்லை. அதிலிருந்து பத்து எட்டு வைத்தால் கிணறு.

"ரொம்பலன்னா எல்லாம் எங்கய்யா போவுது?" என்றார் குழி சார்.

"மலைக்குள்ள போய் முக்தி அடைஞ்சிடுது சார்."

தெருவே சிரித்தது. அவர் சிரிக்காமல் என் வாசலில் குழி போட்டுத் தண்ணீர் ஊற்றினார். சரளை மண் மடமடவென்று குடித்துவிட்டது.

"பாஸா சார்?"

"ஃபெயிலு. இவ்ளோ வேகமா எறங்கினா மண்ணு எதையும் புடிச்சு வெக்காது. எல்லாம் கெணத்துக்குத்தான் போவும்."

"மண்ணும் என்னை மாதிரியே படிச்சிருக்குது சார்" என்றேன். பட்டையை எடுத்தார். கிணற்றைத் தொட விடாமல் அனுப்பிவிட்டேன்.

என் மகள் பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. தாய்ப்பால் போதவில்லை, கிணற்றுத் தண்ணீரில் பவுடர் பால் கலக்கினோம். சில நாளில் குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. குளிர் என்று நினைத்துத் துணியைச் சுற்றினோம். தண்ணீரில் குற்றமோ என்று நானே அடுப்பருகில் நின்று, பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சிக் கொடுத்தேன். நகமும் நீலமாயிற்று.

மகளின் அழுகை கேட்டு, தெருவில் போன குழி சார் உள்ளே வந்தார். குழந்தையைப் பார்த்தார். அடுப்பிலிருந்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, ஆற்றிப் பட்டையை நனைத்தார். கருஞ்சிவப்பு.

"இந்தத் தண்ணியவா குடுத்த?"

"சும்மா இல்ல சார், பாதியா சுண்ட வெச்சு..."

"காய்ச்சினா கிருமிதான்யா சாவும்! இது தொட்டியிலேருந்து கெணத்துல கலந்த நைட்ரேட்டு, உப்பு மாதிரி. பச்சப் புள்ள ரத்தத்தையே கெடுத்துடும். தண்ணி சுண்ட சுண்ட ஜாஸ்தியாவும்."

மகளையும் குழந்தையையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். நான் பின்னாலேயே ஆட்டோவில் போனேன். ஊசியில் எடுத்த ரத்தம் காப்பி டிக்காஷன் நிறத்தில் இருந்தது. "இன்னும் ஒரு வேளை இதையே குடுத்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் முடிக்கவில்லை.

வராந்தாவில் குழி சார் என் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீ வேணான்னதும் நான் போயிருக்கக் கூடாதுய்யா. அன்னிக்கே கெணத்தப் பாத்திருக்கணும். மன்னிச்சுக்கோ" என்றார்.



குழந்தை பிழைத்தாள். கிணற்றை மூடிவிட்டேன். ஆனால் எத்தனை வீட்டில் அடியில்லாத உறை இறக்கினேன் என்று எனக்கே கணக்கில்லை. இப்போது அவரோடு வீடு வீடாகப் போய்ச் சொல்கிறேன். பாதிப் பேர், "தொட்டிதான் ரொம்பவே இல்லியே, உனக்கு இன்னா?" என்று கதவைச் சாத்துகிறார்கள்.

பேத்தி இன்னும் நடக்கப் பழகவில்லை. தெருவில் குழி சார் குரல் கேட்டால் வாசலுக்குத் தவழ்ந்து ஓடுகிறாள். ஆனால் அவளுக்கு முன்னால் அங்கே போய் நிற்பது நான்தான்.